மலைக்கு அடைத்துக் கொடுத்த போன்

நம் கடைக்கு வருகிற எல்லோரும் பழுது பார்க்க வருவதில்லை என்பதை இந்நேரம் நீங்களே கண்டுகொண்டிருப்பீர்கள். நிறையப் பேர் அடைக்க வருகிறார்கள். இந்த ஆப்புக்கு நெட் போகக் கூடாது, அந்த ஆப்புக்குப் போகலாம் என்று கேட்டு வருகிறார்கள். கண்ணாடி மாற்றுவதையும் பேட்டரி மாற்றுவதையும் நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. அதில் உங்கள் கை என் கையைவிடச் சுத்தம். எனக்குக் கண் மங்கி, விரலும் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் கடை நாற்காலியை உங்களுக்கு விட்டு எழுந்தேன். அடைக்கிற வேலையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

போடியில் இந்த வேலை எப்படிப் பெருகியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் விடியக்காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டைத் தாண்டிப் போகிறார்கள். தோட்டத்துக்குள் ரேஞ்சு கிடையாது. சாயங்காலம் திரும்பும்போது மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில்தான் நம் பக்கத்து டவர் பிடிக்கும். அந்த இடத்தில் ஜீப்புக்குள் இருக்கிற அத்தனை போனும் ஒரே நேரத்தில் முழித்துக்கொள்ளும். பகலெல்லாம் பட்டினி கிடந்த பிள்ளைகள் மாதிரி எல்லா ஆப்பும் நெட்டுக்கு அடித்துக்கொள்ளும். விளம்பரம் வந்து நிற்கும், விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், யாரோ ஆடுகிற வீடியோ தானாக இறங்கும். பெற்ற பிள்ளை பேசி அனுப்பின குரல் மட்டும் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த வளைவில் டவர் போய்விடும். அதனால் அந்தப் பெண்கள் என்னிடம் வந்து, மலைக்கு அடைத்துக் கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேண்டிய ஒன்றிரண்டு ஆப்புக்கு மட்டும் நெட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துக் கொடுப்பேன். ஆப்பு என்றால் என்னவென்று சொல்லத் தெரியாதவர்கள்கூட ‘மலைக்கு அடைக்கறது’ என்றால் தெரிந்து வைத்திருந்தார்கள்.

பிறகு ஆண்கள் இதைக் கேள்விப்பட்டார்கள். பொண்டாட்டி போன், மகள் போன், தங்கச்சி போன் என்று கொண்டுவந்தார்கள். கடையில் உட்கார்ந்திருப்பது பொம்பளை, வீட்டு விஷயம் வெளியே போகாது என்று அவர்களுக்கு நினைப்பு. ஒருவர், ஊரில் மதிப்புள்ள ஆள், வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்து, வீட்டுக்காரி போனில் பேசுவதைத் தவிர வேறு எதுவும் நடக்கக் கூடாது என்றார். உங்கள் போனையும் கொடுங்கள், இரண்டையும் ஒரே மாதிரி அடைத்துத் தருகிறேன் என்றேன். மனிதர் எழுந்து போனவர்தான். அந்த வேலை பக்கத்துத் தெருக் கடைக்குப் போயிருக்கும், போகட்டும். போன் யாருடையதோ அவர்கள் என் எதிரே உட்கார்ந்து, எதை அடைக்கலாம் என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. மதுரையில் எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் ஊட்டிய பழக்கம் அது. பழுதுக்கு வந்த போனை உயிர்ப்பித்ததும் முதல் காரியமாக நெட்டை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் வீட்டுச் சண்டையும் சரசமும் உங்கள் கண் முன்னால் வந்து குதித்துக்கொண்டே இருக்கும். பார்க்காதவளுக்குத்தான் ராத்திரி தூக்கம் வரும் என்பார் அவர்.

இந்தப் பழக்கங்கள் சோதனைக்கு வந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உடையவளைக் கேட்காமல் அடைப்பதில்லை என்கிற முதல் பழக்கத்தை அன்று நான் விட்டுக்கொடுத்தேன். தவறு செய்துவிட்டேன் என்று அழ வரவில்லை. இன்றைக்கு அந்த நாள் திரும்பி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அவளைப் பேச்சி என்று சொல்கிறேன். அது அவள் பேர் இல்லை. பக்கத்து ராசிங்காபுரத்துக்காரி. புருஷன் விட்டுப்போய் வெகுகாலம். ஒரே மகன், சரவணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், திருப்பூர்ப் பக்கம் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் வண்டியில் இருப்பான். அவன் தூங்கும் நேரம் இவள் மலையில், இவள் தூங்கும் நேரம் அவன் ரோட்டில். அதனால் மத்தியானம் எழுந்து சாப்பிட்டுவிட்டு வாட்சப்பில் ஆத்தாளுக்குக் குரலில் பேசி அனுப்புவான். அது சாயங்காலம் வளைவில் வந்து விழும். இவள் ஜீப்பில் வைத்தே சத்தமாகக் கேட்டு, சத்தமாகவே பதில் பேசி அனுப்புவாள். உடன் வருகிற பெண்களும் இடையில் புகுந்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கட்டுமா மாப்ளே என்று அவனை வம்புக்கு இழுப்பார்களாம். பேச்சியின் போனில் மற்ற எல்லாவற்றையும் என்னை அடைக்கச் சொல்லிவிட்டாள். நெட்டுக்குத் திறந்திருந்தது அந்த ஒரு ஆப்புதான். அது அவனுக்காக.

ஒரு மழை நாளில் தோட்டத்துச் சரிவில் அவள் வழுக்கி விழ, மடியில் இருந்த போனின் கண்ணாடி நொறுங்கிப் போனது. சாயங்காலம் வளைவுக்கு வந்தபோது மகனின் குரல் வந்து விழுந்த சத்தம் கேட்டிருக்கிறது. திறக்க முடியவில்லை. தொட்டால் வேலை செய்யவில்லை, சில்லு விரலைக் கிழித்தது. அணைத்து வைத்துவிட்டு, மறுநாள் விடியக்காலையில் ஜீப் ஏறப் போகும் முன்னால் என் கடைக் கதவைத் தட்டினாள். கண்ணாடி மாற்றிவைக்கச் சொன்னாள். நேற்று அவன் பேசினது உள்ளே கிடக்கிறது, சாயங்காலம் இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மத்தியானத்துக்குள் கண்ணாடியைப் போட்டு முடித்தேன். போனை உயிர்ப்பித்து, வழக்கப்படி நெட்டை அடைத்து, தொடுதல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஓரமாக வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பேச்சியின் அண்ணன் வந்தார். செல்லையா என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயி, வாய் அதிகம் திறக்காதவர். கடைக்குள் வராமல் படியிலேயே நின்றார். துண்டு வாயில் இருந்தது. என்ன என்று கேட்டேன். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அன்று விடியும் நேரத்தில் சரவணனின் வண்டி, ரோட்டோரம் நின்றிருந்த லாரியில் மோதிவிட்டது. பையன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான். உடலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம்.

அந்தப் பையனை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பேச்சியின் போன் என் மேசையில் கிடந்தது, அவன் நேற்றுப் பேசினது அதற்குள் இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் ஒரு சாவு, மவுத்து என்றால் பள்ளிவாசல் மைக்கில் சொல்லிவிடுவார்கள். மைக் கரகரக்கும்போதே தெருவே நின்று காது கொடுக்கும். யாருக்கும் மறைப்பதில்லை. அவர்கள் வீடுகளில் அப்படி இல்லை. கேதம் என்றால் ஆள் விட்டுத்தான் சொல்வார்கள். பெற்றவளுக்கு, கட்டினவளுக்கு, அப்படிக்கூட வெளியே வைத்துச் சொல்ல மாட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி வீடு வரைக்கும் கூட்டிவந்துவிடுவார்கள். வாசலில் பெண்கள் தயாராக நிற்பார்கள். விழுந்தால் தாங்குவதற்கு அங்கே கைகள் இருக்கும். போன் வந்த பிறகும் அந்த ஊர்களில் அந்த வழக்கம் மாறவில்லை. ஆனால் போன்தான் அந்த வழக்கத்துக்குக் காத்திருப்பதில்லை.

செல்லையா வந்தது அதற்காகத்தான். ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்களாம், யாரும் பேச்சிக்குப் போன் செய்யக் கூடாது என்று. பையனின் போனையும் அணைத்து வைத்துவிட்டார்கள். ஆனால் இளவட்டங்கள் துக்கம் தாங்காமல் கண்ணீர் அஞ்சலிப் படம் தயார் செய்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். என் போனை எடுத்துப் பார்த்தேன். ராசிங்காபுரத்து வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் ஸ்டேட்டஸில் அதை வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் விளக்கு எரிய, நடுவில் சரவணன் சிரித்துக்கொண்டிருந்தான். திருவிழாவில் எடுத்த படமாக இருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்திருந்தார்கள். ஆனால் சரியாக வெட்டவில்லை. அவன் முழங்கையைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் படத்தில் மிச்சம் இருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை.

“அது பேச்சி கைதான் தங்கச்சி,” என்றார் செல்லையா என்னிடம். “இத அவ ரோட்டுல வச்சுப் பாக்கக் கூடாது. வீடு போய்ச் சேர்ற மட்டும் அந்த நெட்ட அடைச்சு வையி.”

எத்தனை ஆண்களைப் படியிறக்கி அனுப்பியிருப்பேன்! இவர் கேட்டதும் அதையேதான். ஒரு பொம்பளை போனில், அவளுக்குத் தெரியாமல், அவள் திறந்து வைத்திருக்கிற ஒரே கதவை அடைக்கச் சொல்கிறார். கேட்கிறவர் நல்லவர் என்பதால் கேட்கிற காரியம் மாறிவிடுமா? அதே நேரத்தில் ஜீப்பை நினைத்தேன், சந்தையை நினைத்தேன், ஆட்டோவிலோ பஸ்சிலோ முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் தன் கையையே அந்தப் படத்தில் அவள் பார்ப்பதை நினைத்தேன். போன் இன்னும் தயாராகவில்லை என்று பொய் சொல்லலாம். சொன்னால் பக்கத்தில் நிற்கிறவளின் போனை வாங்கி மகனைக் கூப்பிடுவாள், அந்தப் போனில்தான் அந்தப் படம் இருக்கும். மொத்த நெட்டையும் அடைத்துக் கொடுத்தால் ஒரு தட்டுத் தட்டி அவளே திறந்துகொள்வாள். அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் உள்ளே போய் அடைத்தால்தான் அவளுக்கு வழி தெரியாது.

யோசிக்க நேரம் இல்லை. ஜீப்புகள் இறங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடைத்தேன். பொது நெட்டைத் திறந்து வைத்தேன். ஆனால் செல்லையாவிடம் ஒன்று சொன்னேன். “நானா எதையும் சொல்ல மாட்டேண்ணே. அவ எம் மூஞ்சியப் பாத்துக் கேட்டா, பொய்யும் சொல்ல மாட்டேன்.” அவர் தலையை ஆட்டினார்.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்த கையோடு ஜீப் வந்து நின்றது. வழக்கமாக அந்தப் பெண்கள் இறங்கினால் தெருவே கலகலக்கும். அன்று ஒருத்தியும் பேசாமல் இறங்கி, ஒருத்தியும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். அவர்களுக்கெல்லாம் வளைவிலேயே தெரிந்துவிட்டது. ஜீப்பில் இருந்த ஒவ்வொரு போனிலும் அந்தப் படம் வந்திருக்கும். தெரியாதவள் ஒருத்திதான், அவள் போன் என் மேசையில் இருந்தது. அவ்வளவு பெண்களும் மலை இறங்கி முடிகிற வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார்கள். நான் ஆப்பை அடைத்ததெல்லாம் ஒரு வேலையே இல்லை.

பேச்சி கடைக்குள் வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மாறியது. நீ எதற்கு இங்கே என்று கேட்டாள். நம் ஆத்தாளுக்கு உடம்புக்கு முடியவில்லை, வெரசாக வா, ஆட்டோ நிற்கிறது என்றார். இந்தப் பேச்சு எதற்குப் பேசுகிற பேச்சு என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை பேரை இப்படிச் சொல்லி வீடு வரைக்கும் கூட்டிப் போயிருப்பாள்!

அவள் என் பக்கம் திரும்பினாள். “வளைவு தாண்டுனதுல இருந்து ஒருத்தியும் வாயத் தொறக்கலக்கா. எல்லாரும் போன எடுத்துப் பாத்துட்டு மடியில வச்சுக்கிட்டாளுக. எதுத்தாப்புல இருந்தவ அழுதா. கேட்டா, கண்ணுல தூசிங்கறா.”

நான் போனை அவள் கையில் கொடுத்தேன். ஆப்பைத் திறந்தாள். முதலில் மகன் பேர், அதற்குப் பக்கத்தில் ‘நேற்று’ என்று இருந்தது. கேட்காத குரல் ஒன்று அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் தெளிந்தது. பிறகு நெட் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. இன்றைக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்பதை அவளே யோசித்துப் பிடித்துவிட்டாள்.

“இத அடைச்சிருக்கீகளாக்கா?”

“ஆமா பேச்சி.”

யார் சொல்லி என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் நின்றார். திறக்கட்டுமா என்று கேட்டேன். போன் அவளுடையது, கேட்டால் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன். அவள் போனைக் குப்புறத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேணாம்,” என்றாள். “வீட்டுக்குப் போற மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லாதீக.”

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணனுக்கு முன்னால் அவள்தான் ஆட்டோவில் போய் ஏறினாள். நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு அதற்கு மேல் வேறு எந்தப் போனையும் கையில் எடுக்க முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து பேச்சி மறுபடி மலைக்குப் போக ஆரம்பித்தாள். போகாமல் என்ன செய்வாள்? ஒரு நாள் இறங்கும் வழியில் கடைக்கு வந்தாள். ஆப்பைத் திறந்துவிடச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துப் போனுக்குக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. அடைத்தது அடைத்தபடியே இருக்க வேண்டும், தெரியாத்தனமாக யாரும் தொட்டால்கூடத் திறந்துகொள்ளாமல் இருக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

எதற்கு என்று கேட்டேன். “தொறந்தா வேற யாராவது அவனுக்கு மேல வந்து உக்காந்துருவாகக்கா,” என்றாள்.

நீங்கள் இப்போது மனதில் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பேரை மேலேயே குத்திவைக்க வழி இருக்கிறதே என்கிறீர்கள். நானும் அதைச் சொன்னேன். அவன் பேர் எப்போதும் மேலே நிற்கும், மற்றவர்கள் கீழேதான் வருவார்கள் என்றேன். கீழே வருகிறவர்கள் எதைப் போடுவார்கள் என்று கேட்டாள். அந்தப் படத்தைத்தானே போடுவார்கள்! ஊரில் அவள் அதைச் சுவரொட்டியாகப் பார்த்துவிட்டாள். போனுக்குள் மட்டும் அது இன்னும் வரவில்லை. அங்கே அவன் இன்னும் கடைசியாகப் பேசினவனாகவே இருந்தான். தொட்டால் திறந்துகொள்ளாது என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் வளைவு வந்ததும் அவனுடைய குரலைப் போட்டுக் கேட்பாளாம். ஜீப்பே கேட்கும். ஒன்றும் பெரிய பேச்சில்லை. ஒரு நாள் எனக்கும் போட்டுக் காட்டினாள். “எம்மா, அங்க மழையாம்ல. சரிவுல பாத்து நட, வழுக்கும். நான் சாயங்காலம் லோடு ஏத்திக்கிட்டுக் கெளம்புறேன். சாப்புட்டியா? சரி, நாளைக்குப் பேசுறேன்.” அவ்வளவுதான். இந்தப் பேச்சு ஜீப்பில் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். ஆரம்பத்தில் அழுதவர்கள் பிறகு அழுவதை நிறுத்திவிட்டார்கள். அது முடிகிற வரைக்கும் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அடைத்த ஆப்பு என்றைக்கும் அடைத்தபடியே கிடக்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதுப்பிக்காமல் விட்டால் ஒரு நாள் அது பழசாகிப்போய், கதவைச் சாத்திக்கொள்ளும். எனக்கு இது தெரியும். அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. அந்த நாள் வராமலா போகும்? வந்தது. ஜீப் நிற்கும் முன்பே குதித்து இறங்கி ஓடிவந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள். புதுப்பித்தால்தான் உள்ளே விடுவேன் என்று அது நின்றுகொண்டிருந்தது. “உள்ள விட மாட்டேங்குதுக்கா,” என்றாள். அவன் செத்த அன்றுகூட அவளை நான் அவ்வளவு பதற்றத்தில் பார்க்கவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும்? புதுப்பித்துவிடலாம். புதுப்பித்தால் நெட்டைத் திறந்தாக வேண்டும். இத்தனை மாதம் நெட்டையே பார்க்காத கணக்கு, நம்பரைச் சரிபார்க்கக் கேட்கும். உள்ளே இருப்பது நிற்குமோ போகுமோ, என்னால் உறுதி சொல்ல முடியாது. நின்றாலும், வெளியே காத்திருப்பவை எல்லாம் வந்து அவன் மேல் விழும். அவனுடைய குரலைத் தனியாக எடுத்து வேறு இடத்தில் போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. “கொரல் மட்டும் எதுக்குக்கா? பாட்டா அது? அவன் பேரோட இருக்கணும்.”

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறுக்கு வழி உண்டு. நான் அதை யாருக்கும் செய்துகொடுத்ததில்லை, அது வைத்தியமே இல்லை, வலியை ஒத்திப்போடுவதுதான். போனில் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டால் ஆப்பு தனக்கு வயதாகவில்லை என்று நம்பிக்கொண்டு திறந்துகொள்ளும்.

அவளிடம் சொன்னேன். தேதி தப்பாகக் காட்டும், மற்றபடி பேசலாம், கேட்கலாம் என்றேன். சரி என்றாள். எந்தத் தேதிக்குத் தள்ளட்டும் என்று அவளைக் கேட்டேன். ஆப்பு பழசாகாத ஏதாவது ஒரு தேதி எனக்குப் போதும். அவள் உடனே சொன்னாள். கண்ணாடி மாற்றக் கொடுத்த அந்த நாள், விடியக்காலையில் என் கதவைத் தட்டின நாள்.

அந்தத் தேதியைப் போட்டேன். ஆப்பு திறந்தது. அவன் பேர் மேலே இருந்தது. பக்கத்தில், இத்தனை மாதமும் தேதியை வெறும் எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ‘நேற்று’ என்று இருந்தது. நான் இதை நினைத்துச் செய்யவில்லை. தேதியைத் தள்ளினால் அப்படிக் காட்டும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

பேச்சி ஓரளவு எழுத்துக் கூட்டிப் படிப்பாள். விரலை வைத்துப் படித்தாள். “நேத்துன்னு போட்டிருக்குக்கா,” என்றாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்ததை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்க்கவில்லை.

விடிந்தால் அது கிழமையாக மாறிவிடும், பிறகு மறுபடி எண்ணாகிவிடும். மறுநாள் விடியக்காலையில் கதவைத் தட்டினாள். நேற்று என்பது போய்விட்டது, மறுபடி வைத்துத் தாருங்கள் என்றாள். வைத்துக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். அதற்குப் பிறகு நானே அவளுக்குத் தேதியை மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள்.

உங்களில் ஒருத்தி முன்பே இதை என் வாயால் கேட்டுவிட்டு, இது அவளுக்கு நல்லதா, மறக்க விட வேண்டாமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் போனுக்குத்தான் வைத்தியம் பார்த்தவள். ஊரில் சிலர் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்கிறார்கள். கலங்கவில்லை. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் சரியாகச் சொல்வாள். மகனைப் புதைத்த இடத்துக்கு மாதா மாதம் போய்வருகிறாள். போனில் மட்டும்தான் அவளுக்கு வேறு தேதி. காலையில் ஜீப்புக்குக் காத்து நிற்கும்போது அதை மாற்றிவிட்டு ஏறுகிறாள். சாயங்காலம் வளைவில் திறந்தால் மகன் நேற்றுப் பேசியிருப்பான்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். அந்தப் போன் என்றைக்காவது பேட்டரிக்கோ கண்ணாடிக்கோ உங்கள் மேசைக்கு வரும். நான் அங்கே இருக்க மாட்டேன். தேதி தப்பாக இருக்கிற போனைப் பார்த்தால் உங்கள் கை தானாகப் போய்ச் சரிசெய்துவிடும். அடைபட்ட ஆப்பைப் பார்த்தால் திறந்துவிடும், பழைய ஆப்பைப் பார்த்தால் புதுப்பித்துவிடும். கேட்காமலே உதவி செய்கிற நல்ல பிள்ளைகள் நீங்கள். வாடிக்கையாளர் சாயங்காலம் வந்து சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு செய்வீர்கள்.

அந்தப் போனில் கை வைக்காதீர்கள். அதற்குள் அவளுடைய மகன் இன்னும் வண்டியில் ஏறவில்லை.